செத்துப்போன ஆமோஸின் ஏழு பிள்ளைகள்

ஆமோஸ் ஸ்கர்மை நான் கொன்றது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். இடம், மாவட்ட ஆவணக் காப்பகத்தின் மூன்றாம் நம்பர் மேஜை. சாட்சி என்று சொல்ல ஒருவர் இருந்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆமோஸுக்கு வயது பதினான்கு மாதம். வருடம் 1789. ப்ரூக்கம் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில், 'ஆமோஸ், ஜோசையா ஸ்கர்மின் மகன், குழந்தை' என்று ஒரு வரி. அதைக் கண்டுபிடித்த பெருமை தாங்காமல், நகலெடுத்து நேராகக் கொண்டுபோய் வக்கீல் பஃப்டனிடம் கொடுத்துவிட்டேன். பஃப்டன் எதிர்க்கட்சி. அது எனக்குத் தெரியும். 'ஆதாரம் என்றால் இரண்டு தரப்பும் பார்க்க வேண்டாமா' என்று ஒரு நியாயம் எனக்குள் அன்று உதித்திருந்தது. வருடத்துக்கு ஒரு முறைதான் உதிக்கும். அது அன்றைக்கா உதிக்க வேண்டும்.

என் முதலாளி மிஸ் ஹெஸ்டர் காட்சால். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் பிறப்பு, இறப்புப் பதிவாளராக இருந்துவிட்டு, இப்போது பிறருடைய முன்னோர்களைத் துப்பறிகிறார். நான் நெவில் யாப். நாற்பத்தொன்று. பதினோரு வருடம் கோழி ஆலையில் இரவு ஷிஃப்ட். கோழியைத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டுவது என் கலை. ஒரு விடியற்காலையில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன், திரும்பப் போகவில்லை. மிஸ் காட்சால் என்னை வேலைக்கு எடுத்தது மூளைக்காக இல்லை. என்னிடம் ஓடுகிற கார் இருந்தது.

ஊரார் குடும்ப மரங்களை எல்லாம் ஏறிப் பார்க்கிற நான், என்னுடையதைத் தேடியதே இல்லை. அம்மா போய்விட்டார். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார், பேருந்தில். எனக்கு யாரும் இல்லை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு யாருக்கும் காலுறை வாங்க வேண்டாம்.

இனி கேஸ். டில்லி ப்ரீஸ், வயது எழுபத்து நாலு, கணவர் இல்லை. ஐம்பது வருடம் ஆப்பிள் தோட்டத்தில் கூலி வேலை. தோட்டக்காரர்கள் கொடுத்த வீட்டில் குடியிருப்பு. தோட்டம் கைமாறியது. புது முதலாளி, மைக்கேல்மஸ் அன்றைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதாவது செப்டம்பர் 29, வரும் திங்கள்.

டில்லிக்குப் போக ஒரே இடம்தான் இருந்தது. 1691-ல் அம்புரோஸ் ஸ்கர்ம் என்ற கம்பளி வியாபாரி தன் வம்சத்து முதியவர்களுக்காகக் கட்டிய ஆறு வீடுகள். வாடகை கிடையாது. அதில் ஒன்று காலி. டில்லி பிறப்பால் ஸ்கர்ம். அவருடைய தாத்தாவின் தாத்தா ஆமோஸ் ஸ்கர்ம். ஆமோஸின் அப்பா ஜோசையா. ஜோசையா, அம்புரோஸின் கொள்ளுப்பேரன். எல்லாம் சரி. ஆமோஸ் பதினான்கு மாதத்தில் செத்துப்போனதைத் தவிர.

இன்று வியாழன். மாலை நாலு மணிக்கு அந்த வீடுகளின் அறங்காவலர் கூட்டம். அதற்குச் செயலாளர் பஃப்டன். இப்போது காலை பத்து. நாங்கள் ப்ரூக்கம் கல்லறைத் தோட்டத்தில், மழைக்கு நடுவே கிடைத்த ஒரு சின்ன வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.

"பதினாலு மாசத்துல செத்த குழந்தை, இருபத்துநாலு வயசுல இதே சர்ச்சுல கல்யாணம் பண்ணிருக்கு. ஏழு பிள்ளை பெத்திருக்கு" என்றார் மிஸ் காட்சால், ஒரு கல்லறை மேல் உட்கார்ந்து பன்றிக்கறி பேஸ்ட்ரியைப் பிரித்தபடி. "நீ உயிரோட இருந்து என்ன சாதிச்சே, யாப்?"

"நான் இன்னும் முயற்சி பண்ணலை மேடம்."

"கல்யாணத்துக்கு சாட்சிக் கையெழுத்து ஜோசையா ஸ்கர்ம். செத்த பிள்ளையோட அப்பா. அப்படின்னா?"

"ரெண்டாவது ஆமோஸ். மூத்தவன் செத்தா, அடுத்து பிறக்கிறவனுக்கு அதே பேரு. இங்க வழக்கம்தானே."

"சரி. அந்த ரெண்டாவது ஆமோஸுக்கு ஞானஸ்நானம் எங்க?"

"இந்தப் பதிவேட்டுல இல்ல. பஃப்டன் அதைத்தான் பிடிச்சிக்கிட்டு தொங்கறாரு. கல்யாணம் பண்ணினது வேற ஊரு ஸ்கர்மாம்."

"தொங்கவிடறதுல நீதானே நிபுணன்" என்று சொல்லி, கையிலிருந்த பேஸ்ட்ரியால் எதிரே இருந்த கல்லைக் காட்டினார். "அங்க பாரு. என்ன தெரியுது?"

பார்த்தேன். 'ஜோசையா ஸ்கர்ம், அவன் மனைவி சாரா.' மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"சாராவா? ஜோசையா பொண்டாட்டி பேரு ஆன். 1792-ல அடக்கம் பண்ணிருக்காங்க. நானே பார்த்தேன்."

"அதனால சாரா ரெண்டாவது. வேற?"

"வேற ஒண்ணும் இல்லையே."

"எழுத்து இவ்வளவு தெளிவாத் தெரியுதே, அதை யோசி."

சுற்றிலும் பார்த்தேன். மற்ற கற்கள் எல்லாம் இந்த ஊர்ச் செம்மணற்கல். இருநூறு வருட மழையில் ஊறின பிஸ்கட் மாதிரி உரிந்து, பெயரெல்லாம் கரைந்துபோயிருந்தன. ஜோசையாவின் கல் மட்டும் சாம்பல் நிறம். கடினமான கல். நேற்று வெட்டியது போல இருந்தது.

"இங்க கிடைக்காத கல்" என்றேன்.

"மெதுவா வந்தாலும் வந்துட்டே. ஜோசையா பெரிய பணக்காரன் இல்ல. அப்புறம் ஏன் அவனுக்கு வண்டி கட்டி வெளியூர்க் கல்லைக் கொண்டுவந்தாங்க?"

"மலிவாக் கிடைச்சிருக்கும்."

"யாருக்கு மலிவாக் கிடைக்கும்? கல்தச்சன் வீட்டு மாப்பிள்ளைக்கு. கல்யாணம் எங்க நடக்கும்? பொண்ணோட ஊரு சர்ச்சுல. அதனாலதான் ரெண்டாவது கல்யாணமும் இங்க பதிவாகல. எந்த ஊருன்னு கல்லே சொல்லும். தச்சனுங்க கல்லோட அடியில பேரு வெட்டுவாங்க. தோண்டு."

"எதால?"

தன் பிளாஸ்க்கோடு இருந்த டீஸ்பூனை நீட்டினார்.

முழங்காலில் உட்கார்ந்து புல்லைச் சுரண்டினேன். ஈரம் கால்சட்டையைத் தாண்டி என் சுயமரியாதை வரை ஏறியது. ஒரு சாண் ஆழம் போயிருப்பேன். பின்னால் குரல் கேட்டது.

"ஏய்! கல்லறைல என்னடா பண்றே?"

குழி வெட்டுகிற கிழவர் ஒருவர், தொப்பியும் கோபமுமாக நின்றார்.

"தோண்டறேன் ஐயா."

"எதால?"

ஸ்பூனைக் காட்டினேன். அவர் கோபம் இறங்கி, முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. "என்கிட்ட மண்வெட்டி இருக்கே. கேட்டிருக்கலாம்ல?" என்றார். பிறகு மிஸ் காட்சாலைப் பார்த்து, "இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

"பிறவியிலேயே இப்படித்தான்" என்றார் என் முதலாளி.

அவருடைய மண்வெட்டியில் இரண்டே வெட்டு. அடியில் சின்ன எழுத்துகள் வெளியே வந்தன: 'வி. மீக் வெட்டியது. காரோ ஹில்.'

காரோ ஹில் பதினோரு மைல். என் கார் மலையேறும்போது யோசிக்கும். இடையில் இரண்டு முறை நின்றும் யோசித்தது. மேலே பத்து வீடு, நூறு ஆடு, ஒரு சின்னத் தேவாலயம். தேவாலயச் சாவி மிஸஸ் டிரான்டர் என்ற அம்மாளிடம் இருந்தது. கதவைத் திறந்ததுமே எங்கள் காலணிகளைப் பார்த்தார். முக்கியமாக என்னுடையதை.

"பழைய பதிவேடெல்லாம் காப்பகத்துக்குப் போயிடுச்சு. ஆனா போருக்கு முன்னாடி இருந்த பாதிரியார் எல்லாத்தையும் டைப் அடிச்சு வச்சிட்டுப் போனார். பூச்சாடி அலமாரில பின்னால கிடக்கும். மிதியடில காலைத் துடைங்க. நீ இல்ல தம்பி, நீ கழட்டியே வந்துடு."

காலுறையோடு உள்ளே போனேன். அதில் ஒன்றில் கட்டைவிரல் ஆவணம் போல வெளியே தெரிந்தது.

டைப் அடித்த காகிதக் கட்டுக்குள் மீக் குடும்பத்தைத் தேட எனக்குப் பத்து நிமிடம் ஆனது. மே 1794. ஜோசையா ஸ்கர்ம், ப்ரூக்கம், மனைவியை இழந்தவன். சாரா, கல்தச்சன் மீக்கின் மகள். திருமணம். நான் மேஜையைத் தட்டினேன். மிஸஸ் டிரான்டர் என்னைத் தட்டுவது போலப் பார்த்தார்.

"அடுத்து ஞானஸ்நானம். தலைப்பிரசவம் அம்மா வீட்டுல. இங்கதான் இருக்கும்" என்றார் மிஸ் காட்சால்.

இருந்தது. அக்டோபர் 1794. 'ஆமோஸ்' என்று வரி ஆரம்பித்தது. மே மாதக் கல்யாணத்துக்கு அக்டோபரில் குழந்தை. அதுகூடப் பரவாயில்லை, அந்தக் காலத்தில் பாதி இங்கிலாந்து அப்படித்தான் வந்தது. ஆனால் வரி அங்கே முடியவில்லை.

'ஆமோஸ், நான்கு வயது. மேற்படி சாராவுக்கு முந்தைய கணவனால் பிறந்தவன். இதுவரை ஜெம் என அழைக்கப்பட்டவன். ஜோசையா ஸ்கர்ம் தன் மகனாக ஏற்று, இறந்த தன் மகனின் பெயரை இவனுக்கு இட்டான்.'

அதற்கு அடுத்த வரியில் முந்தைய கணவனின் பெயர் இருந்தது. அதை நான் இரண்டு முறை படித்தேன். மிஸ் காட்சால் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒரு புனிதர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஆக ஆமோஸ் ஜோசையாவோட ரத்தம் இல்ல" என்றேன். "டில்லியும் ஸ்கர்ம் இல்ல."

"இல்ல."

"மேடம், இந்தக் காகிதம் ரொம்பப் பழசு. பழைய காகிதம் கிழியும். என் கை வேற ஈரமா இருக்கு."

"எடு கையை."

"அந்தம்மா திங்கக்கிழமை ரோட்டுல நிப்பாங்க. நான் செஞ்ச வேலை."

"யாப், முப்பது வருஷமா நான் ஒரே ஒரு சரக்குதான் விக்கறேன். உள்ளது. அதுல ஒரு தடவை தண்ணி கலந்தா, அப்புறம் நான் பால்காரி. நகல் எடு. ஒரு எழுத்து விடாம."

எடுத்தேன். மலை இறங்கும்போது கார்கூட நின்று யோசிக்கவில்லை.

ப்ரூக்கம் எல்லையில், அந்த ஆறு வீடுகளைத் தாண்டும்போது மிஸ் காட்சால் திடீரென்று, "நிறுத்து" என்றார். என் கார் நிற்பதில் கெட்டிக்காரன்.

ஒவ்வொரு வாசலுக்கு மேலும், 1691-ல் முதன்முதலில் குடிவந்தவரின் பெயரும் வயதும் கல்லில் வெட்டியிருக்கும். தினமும் பார்க்கிற கற்கள். பார்க்கிறோம் என்பதாலேயே யாரும் படிப்பதில்லை.

"படி" என்றார்.

"ஸ்கர்ம், அறுபத்தேழு. ஸ்கர்ம், எழுபது. வீல், அறுபத்து நாலு. லக், அறுபத்தெட்டு. ஸ்கர்ம், எழுபத்திரண்டு. பியூ, அறுபத்தஞ்சு."

"அப்போ அம்புரோஸுக்கு என்ன வயசு?"

"அறுபத்திரண்டு. கூட்டம் நடக்கிற மண்டபத்துல, அவர் படத்துக்குக் கீழ போட்டிருக்கே."

அந்த வீடுகளின் நடுவில் தொங்கிய பலகையைக் காட்டினார். நூறு வருடம் முன்பு ஏதோ ஒரு செயலாளர் எழுதி மாட்டியது: 'நிறுவனரின் இரத்தவழி வந்தோர்க்கு மட்டும்.'

"எழுபத்திரண்டு வயசு ஆளு, அறுபத்திரண்டு வயசு ஆளோட ரத்தவழியிலயா வந்தான்?" என்றார் மிஸ் காட்சால். "வண்டியை எடு."

மண்டபத்தில் மூன்று அறங்காவலர்கள், செயலாளர் பஃப்டன், ஒரு கேக். பஃப்டன் சுத்தமான மனிதர். காலி வீட்டை லண்டன் வார இறுதிக்காரர்களுக்கு விடலாம் என்பது அவருடைய நெடுநாள் யோசனை. டில்லி, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி அணிந்து, அம்புரோஸின் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். தற்செயலாக இல்லை. அம்புரோஸுக்கு முகத்தை முந்திக்கொண்டு வருகிற ஒரு மூக்கு. டில்லிக்கும் அப்படியே. 'இது ஸ்கர்ம் மூக்கு' என்று எழுபது வருடமாக ஊரில் சொல்லி வருகிறார். பள்ளியில் கேலி செய்தவர்களை அந்த ஒரு வாக்கியத்தால்தான் சமாளித்ததாக என்னிடம் ஒருமுறை சொன்னார். என் மூக்கும் சிறியதில்லை. ஆனால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு படம் இருக்கவில்லை.

"முதல் பொருள், நிறுவனர் உயில் வாசிப்பு" என்றார் பஃப்டன். "வாசித்ததாகக் கொள்வோமா?"

"கொள்வோம், கொள்வோம்" என்றன மூன்று குரல்கள். ஒருவர் கேக்கை நோக்கி ஏற்கெனவே நகர்ந்திருந்தார்.

"இரண்டாம் பொருள், மிஸஸ் ப்ரீஸின் விண்ணப்பம்."

மிஸ் காட்சால் எழுந்து, நகலை மேஜையில் வைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். ஒரு எழுத்து விடவில்லை. ஜெம் என்ற நாலு வயதுப் பையன், செத்த குழந்தையின் பெயர், ஜோசையா. சாராவின் முந்தைய கணவன் பெயரை மட்டும், "காகிதத்தில் இருக்கு" என்று தாண்டினார்.

டில்லி என்னைப் பார்த்தார். "நீங்க என் பக்கம்னு நெனச்சேனே தம்பி" என்றார். கோபமாக இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"இதற்கு மேல் விவாதம் தேவையில்லை" என்று பஃப்டன் பேனாவைத் திறந்தார். "இவ்வளவு நேர்மையாக என் வேலையைச் செய்துகொடுத்ததற்கு மிஸ் காட்சாலுக்கு நன்றி."

"நன்றி இருக்கட்டும். முதல் பொருளுக்குப் போவோம். உயிலை வாசிங்க."

"அது வாசித்ததாகக் கொள்ளப்பட்டுவிட்டதே."

"வீடு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் உரக்க வாசிக்கணும்னுதானே நிறுவனர் எழுதினது? கடைசியா எப்ப வாசிச்சீங்க?"

பஃப்டன் அறங்காவலர்களைப் பார்த்தார். அவர்கள் கேக்கைப் பார்த்தார்கள்.

"எங்க அப்பா காலத்துலேயும் வாசிச்சதாத்தான் கொண்டாங்க" என்றார் மூத்தவர், பெருமையாக.

"அப்ப இன்னிக்கு வாசிக்கலாம். இல்லன்னா இந்தக் கூட்டமே செல்லாதுன்னு நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்."

பெட்டியைத் திறந்தார்கள். தோல் சுருளிலிருந்து தூசி எழுந்து கேக்கின் மேல் உட்கார்ந்தது. பஃப்டன் வாசிக்க ஆரம்பித்தார். ஆன்மாவைக் கடவுளுக்கு. கறுப்புக் குதிரையைத் தம்பி மகனுக்கு. பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக. பத்தாவது நிமிடம் ஒரு அறங்காவலர் தூங்கினார். இருபதாவது நிமிடம் மற்ற இருவரும். பஃப்டனே ஏறக்குறையத் தூங்கிக்கொண்டுதான் வாசித்தார். வாய் மட்டும் ஷிஃப்டில் இருந்தது.

ஊர் தூங்கும்போது விழித்திருப்பது. என் வாழ்க்கையில் நான் கற்ற ஒரே வித்தை அது. பதினோரு வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

"'...இவ்வீடுகள், என் இரத்தத்தில் பிறந்தோர்க்கும், என் குடும்பத்தார் தம் அடுப்பருகே தம் பிள்ளையென வளர்த்தோர்க்கும், அவர் வழி வந்தோர்க்கும், வேறுபாடின்றி. ஏனெனில் நானும், இன்று இவ்வீடுகளில் வாழும் என் அண்ணன்மார் அறுவரில் மூவரும், ஸ்கர்ம் என்னும் நல்ல மனிதன் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த பிள்ளைகளே. அடுத்து, என் பெரிய கட்டிலை...'"

"நிறுத்துங்க" என்றேன். "அதை இன்னொரு தடவை வாசிங்க."

"எதை? கட்டிலையா?"

"அதுக்கு முன்னாடி."

பஃப்டன் மேலே போனார். இந்த முறை தான் வாசிப்பது அவர் காதிலும் விழுந்தது. குரல் பாதியில் நின்றது. நான் கைதட்டிய சத்தத்தில் அறங்காவலர்கள் எழுந்து, என்ன ஏதென்று கேட்காமல், மூன்று பேரும் கை தூக்கினார்கள். அது அவர்களுக்குப் பழக்கம். பஃப்டன் பேனாவை மூடினார். மிஸ் காட்சால் மட்டும், எல்லாம் முன்பே தெரிந்தவர் போல, கேக்கின் தூசியை ஊதி ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

டில்லியின் கையில் சாவி வந்தது. அழவில்லை. "புகைபோக்கி சரியா இழுக்குமா?" என்று கேட்டார். இழுக்கும் என்றார்கள். சாவியைக் கைப்பையில் வைத்து, பையை மூடி, அப்புறம் நிமிர்ந்து அம்புரோஸின் படத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"இவரே ஸ்கர்ம் இல்லையா?"

"இல்லீங்க."

"நானும் இல்ல."

"இல்லீங்க."

"அப்ப எழுபது வருஷமா நான் தூக்கிட்டுத் திரியற இந்த மூக்கு யாரோடது?"

மிஸ் காட்சால் கேக்கைத் தின்றபடி, "யாப், நகல்ல கடைசி வரியைப் படி" என்றார்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. படித்தேன்.

"'முந்தைய கணவன், தாமஸ் யாப், கல்குவாரித் தொழிலாளி, காரோ ஹில்.'"

டில்லி எழுந்து என் அருகே வந்தார். என் தாடையைப் பிடித்து, சந்தையில் குதிரை பார்ப்பது போல, என் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"உங்க அப்பா ஊரு எது?"

"காரோ ஹில்னு அம்மா சொல்வாங்க."

"கூடப் பிறந்தவங்க?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னு இனி சொல்லாத" என்றார், தாடையை விடாமல். "திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு வண்டியோட வந்துடு. அலமாரி ஓக் மரம். பார்த்துத் தூக்கணும்."

பதினோரு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தவனுக்குக் காலை எட்டு மணி என்பது நடுநிசி. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னதாகக் கொண்டு மூடிவிட்டேன்.